கடுஞ்சட்டமும் மெய்க்குற்றவாளியும்

மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டிஷ் சர்க்காரின் சந்தேகம் முழுவதும் பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுச்சேரியின் மீது திரும்பியிருந்த காலத்தில், இங்கே அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றிலிருந்து மூடிய பாத்திரம் ஒன்று மேலே வந்தது. உள்ளே இருந்தவை ராஜத்துரோகப் பிரசுரங்கள். ஐயரோ அவர் வீட்டாரோ அவற்றை அங்கே போடவில்லை. சுதேசிகள் அனைவரையும் சதிகாரர்களாகப் பிரெஞ்சு அதிகாரிகளின் கண்முன் நிறுத்துவதற்காக வேவுகாரர்கள் செய்த ஏற்பாடு அது. ஸ்ரீ அரவிந்தரிடம் யோசனை கேட்டபோது, ஒளிக்காமல் உடனே பிரெஞ்சுப் போலீஸாரிடம் தெரிவித்துவிடும்படி அவர் சொன்னார். அப்படியே செய்தார்கள். பிரெஞ்சு முறைப்படி விசாரணை நீதிபதி ஒருவர் நேரில் வந்து வீடுகளைச் சோதனையிட்டார். அரவிந்தரின் வீட்டில் லத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டு வியந்து, மரியாதையோடு திரும்பிச் சென்றார். பொய்க்குற்றம் சுமத்தியவன் எல்லையைத் தாண்டி ஓடிப்போனான்.

புதுவையில் பிறந்தவர்கள் இந்தச் சம்பவத்தைப் பெருமைக்குரிய கதையாகக் கேட்டே வளர்கிறோம். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீட்டை வெளியூர் விருந்தினருக்குக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் அதில் பொதிந்துள்ள நீதி விஷயத்தை நாம் போதிய அளவு ஆலோசிப்பதில்லை. அன்று சோதனைக்கு வந்தவர் நீதிபதி; பொருள் எங்கிருந்து வந்தது, யார் போட்டிருக்கக்கூடும், குற்றம் சாட்டுகிறவனுக்கு அதனால் என்ன லாபம் என்றெல்லாம் கேட்கக் கடமைப்பட்டவர். அவருடைய ஸ்தானத்தில் போலீஸ் சூப்பிரண்டு ஒருவர் இருந்து, கைதியிடம் ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கும் அதிகாரமும், அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கும் உரிமையும், விசாரணை முடியும் வரை ஜாமீன் கிடைக்காமல் செய்யும் வசதியும் அவருக்கு இருந்திருக்குமானால், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த கரத்துக்கும் தமிழின் மகாகவிக்கும் என்ன கதி நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வதால் அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகளின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், கொலைக்கு முன் புதுவைக்கு வந்து போனவர். ஐயரிடம் துப்பாக்கி சுடக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ரயில் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அவர் அந்நிய ஆட்சியின் அதிகாரி என்பதால் அது கொலை அல்லாமல் போய்விடாது. நாம் ஆராய வேண்டிய வினா வேறு: இவ்வகைக் கொடுமையைத் தடுக்கவும் தண்டிக்கவும், சாதாரணக் குற்றத்துக்கு உள்ள சட்டத்தைவிடக் கடுமையான தனிச் சட்டம் தேவைதானா, அது பயன் தருகிறதா என்பதே.

ஆஷ் கொல்லப்பட்டபோது கடுஞ்சட்டங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. முசாபர்பூரில் குண்டு வீசப்பட்ட 1908ஆம் ஆண்டிலேயே வெடிபொருள் சட்டமும், சங்கங்களைச் சட்டவிரோதமானவை என அறிவிக்கும் குற்றவியல் திருத்தச் சட்டமும் வந்துவிட்டன; 1910இல் பத்திரிகைச் சட்டம் வந்தது. மேடைப் பேச்சுக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்ததற்குமாகச் சேர்த்து வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே விதித்த தீவாந்தர சிட்சையைக் கேட்டு வெள்ளை அதிகாரிகளிலேயே சிலர் திகைத்தார்கள். சென்னையில் நடத்த முடியாமற்போன 'இந்தியா' வாரப்பத்திரிகை, பத்திரிகைச் சுதந்திரம் வழங்கிய 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் நிழலில் புதுவையிலிருந்து வெளிவந்தது. அது பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையக் கூடாதென்று தடை விதித்து, 1910இல் அதையும் மூச்சடக்கினார்கள். பேசியவர் சிறையில், எழுதியவரின் பத்திரிகை நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டே மணியாச்சியில் துப்பாக்கி வெடித்தது. ஒன்றுக்கு மற்றொன்றே முழுக்காரணம் என்று யாராலும் நிரூபிக்க இயலாது. ஆனால் மூன்றாண்டுக் காலக் கடுமை ஆஷின் உயிரைக் காக்கவில்லை என்பது நிச்சயம். வெளிப்படையான பேச்சுக்கு வழியடைத்தபின் ரகசியச் சங்கங்களுக்கு ஆள் சேர்வது எளிதாயிற்று என்பதே என் அபிப்பிராயம்.

புதுவையிலும் கெடுபிடி இல்லாமலில்லை. பிரிட்டிஷ் நிர்ப்பந்தத்தின் விளைவாக, பிரெஞ்சு எல்லைக்குள் தங்கியிருக்கும் அந்நியர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஊரின் கண்ணியமான பிரஜைகள் ஐவர் அவர்களுக்காகக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி பிறந்தது. உள்ளூரில் எவரும் இவர்களுக்காக முன்வரமாட்டார்கள் என்பதே அதை வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு. கலவைக் குடும்பத்துச் சங்கரச் செட்டியார் ஒரே நாளில் ஐந்து கையெழுத்துகளையும் திரட்டிக் கொடுத்துவிட்டார். சர்க்காரின் கண்ணில் அபாயகரமானவராகத் தோன்றும் மனிதரைப் பக்கத்து வீட்டாரும் கடைத்தெருக்காரரும் அறிந்திருக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய நம்பிக்கையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆட்சிக்கே மெய்யான அபாயம் எது என்ற செய்தி வந்து சேரும் என்பதையும் இந்த ஊர் அப்பொழுதே கண்டது.

பிரான்ஸைச் சுதந்திரத்தின் தாயகமாக மட்டுமே பேசுவதும் சரியன்று. அராஜகவாதி ஒருவன் 1893 டிசம்பரில் பாரிஸ் பிரதிநிதிகள் சபையில் குண்டு வீசிய சில நாட்களுக்குள்ளும், மறு ஆண்டு ஜூனில் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் கார்னோ குத்திக் கொல்லப்பட்டதை ஒட்டியும், அவசர அவசரமாக மூன்று சட்டங்கள் அங்கே இயற்றப்பட்டன; கருத்தை ஆதரித்தாலே குற்றம், பழகியிருந்தாலே சதி என்று பொருள் கொள்ளத்தக்கவையாக இருந்த அவற்றைக் கயமைச் சட்டங்கள் என்றே எதிர்ப்பாளர்கள் அழைத்தார்கள். ஜோரேஸ் போன்றோர் அன்றே எதிர்த்துப் பேசியும், அவற்றின் கடைசி எச்சம் நீங்க 1992 வரை ஆயிற்று. பாரிஸில் 2015 நவம்பரில் நடந்த படுகொலைகளையடுத்துப் பிரகடனம் செய்யப்பட்ட நெருக்கடி நிலை ஆறு முறை நீடிக்கப்பட்டு, 2017இல் விலக்கப்பட்டபோது, அதன் அதிகாரங்களிற் பல சாதாரணச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் இல்லாத தெரு புதுவையில் அரிதாகையால், இது நமக்கும் வீட்டுச் செய்திதான்.

தற்காலிகம் என்ற பெயரில் வந்தது நிரந்தரமாவதற்கு நம் தேசத்திலும் பழைய உதாரணம் உண்டு. உலக யுத்தத்துக்காக 1915இல் பிறந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் யுத்தம் முடிந்தால் காலாவதியாகிவிடுமே என்ற கவலையில் அமைக்கப்பட்டதுதான் ரௌலட் குழு. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் அதில் ஓர் உறுப்பினர். ஆஷ் கொலையும் புதுவைத் தொடர்பும் அக்குழுவின் அறிக்கையில் இடம்பெற்றன. வக்கீலும் இல்லை, அப்பீலும் இல்லை என்று ஜனங்கள் கொதித்த அந்தச் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறிய வேளையில், காந்தியடிகள் சென்னையில் ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தார். தேசமெங்கும் ஹர்த்தால் அனுஷ்டிக்கும் எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்தது. பயங்கரவாதத்தை ஒடுக்க இயற்றப்பட்ட ரௌலட் சட்டம் ஒரு பயங்கரவாதியின் மீதும் பிரயோகிக்கப்படாமலே 1922இல் நீக்கப்பட்டது. அதற்குள் சாம்ராஜ்யத்தின் மீது மிதவாதிகளுக்கு இருந்த விசுவாசம் கரைந்துபோயிருந்தது.

சுதந்திரம் வந்தபின் நாமே இயற்றிக்கொண்ட சட்டங்களுக்கு வருவோம். சாமானிய வாசகர் இங்கே ஒரு விதியைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கைதி அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு விரோதமாக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. இந்தியர் மீது கருணை கொண்டு வெள்ளையர் அப்படி எழுதவில்லை. காவல் நிலையத்துக்குள் வாக்குமூலம் எவ்விதம் பெறப்படுகிறது என்பதும், அடித்து வாங்கும் வழக்கம் இருந்தால் போலீஸார் துப்புத் துலக்கும் சிரமத்தை மேற்கொள்ளமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளாக நின்றிருந்த அந்தக் கரையைத்தான் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் உடைத்தது. டில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் குண்டுகள் வெடித்ததையொட்டி 1985 மே மாதம் இரண்டாண்டுக் காலத்துக்கென வந்த அது, 1987இல் புதுப்பிக்கப்பட்டு, போலீஸ் சூப்பிரண்டிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. உச்ச நீதிமன்றத்தில் கர்த்தார் சிங் வழக்கில் 1994 மார்ச்சில் இந்த ஏற்பாடு செல்லும் என்று, திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. இரு நீதிபதிகள், ராமசாமியும் சகாயும், வாக்குமூல விஷயத்தில் உடன்படவில்லை. எழுபத்தாறாயிரம் பேருக்கு மேல் அச்சட்டத்தில் கைதாகி, தண்டிக்கப்பட்டோர் நூற்றுக்கு இருவர் என்ற அளவுக்கும் குறைவாகவே இருந்ததைக் கண்டு, தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா பாராளுமன்ற உறுப்பினர்களுக்கே கடிதம் எழுத, 1995 மே மாதம் அது காலாவதியாக விடப்பட்டது.

தமிழர்களுக்குத் தடா என்றதும் நினைவுக்கு வருவது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அக்கொடுஞ்செயலின் மர்மத்தை எது துலக்கியது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் உடல் அருகே சேதமாகாமல் கிடந்த காமிராவும், அதற்குள் இருந்த படச்சுருளும்தான். சந்தன மாலையோடு நின்ற கொலையாளிப் பெண்ணையும், பத்திரிகையாளர் வேடத்தில் நின்ற சதித்தலைவன் சிவராசனையும் அந்தப் படங்களே அடையாளம் காட்டின. அவற்றிலிருந்து நூல் பிடித்து, வாடகை வீடுகளையும் கடிதங்களையும் கையெழுத்துகளையும் ஆராய்ந்து, கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு மூன்று மாதங்களுக்குள் பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசன் பதுங்கியிருந்த வீட்டு வாசல் வரை போயிற்று. இது சாதாரணப் புலனாய்வின் சாதனை. இதற்குத் தடா எந்த விதத்திலும் தேவைப்படவில்லை.

தடா வேலை செய்தது வழக்கின் அடுத்த கட்டத்தில். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் குற்றம் சாட்டப்பட்ட இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே 11இல் உச்ச நீதிமன்றம், இக்கொலை தடா சட்டம் வரையறுக்கும் பயங்கரவாதச் செயலுக்குள் வராது என்று கூறி, பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஆயினும் தடா முறையில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாயின. அந்நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது பத்தொன்பது வயது. இரண்டு பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தை எழுதிய மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன், பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, இருபதாண்டுகளுக்குப் பிறகு பகிரங்கமாகச் சொன்னார். விடுபட்ட அந்த ஒரு வாக்கியத்தின் அடியில் ஒரு மனிதனின் வாலிபமும், அவன் தாயின் முப்பத்தொரு வருஷக் காத்திருப்பும் நசுங்கின. உச்ச நீதிமன்றம் அவரை 2022 மே 18இல் விடுதலை செய்தது. கொலையுண்டவர்களின் குடும்பத்துக்கும் இதனால் நியாயம் கிடைத்ததாக நான் கருதவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட குற்றமே பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதல் தர முடியும்.

தடா போய் 2002இல் பொடா வந்தது. பாராளுமன்றத்தில் அதை ஆதரித்த கூட்டணியில் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகமும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் 29இல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளைப் பற்றிப் பேசியதற்காக, அக்கட்சியின் தலைவர் வைகோ ஜூலை 11இல் சென்னை விமான நிலையத்தில் அச்சட்டத்தின்படியே கைதாகி, பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். பழ. நெடுமாறனும், நக்கீரன் கோபாலும் அதே சட்டத்தில் சிறை சென்றார்கள். இவர்களுடைய கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் இஷ்டம்; ஆனால் மேடைப் பேச்சும் பத்திரிகைத் தொழிலும் வெடிகுண்டோடு ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. வெறும் வாய்மொழி ஆதரவு குற்றமாகாது, பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. சட்டம் எழுதும்போது எவனோ ஒரு கொடியவனை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். அதைப் பிரயோகிக்கும் அதிகாரம் அடுத்த தேர்தலில் யார் கைக்குப் போகும் என்பதை எண்ணி எழுதுவதில்லை.

தனிச் சட்டம் இல்லாவிட்டால் பயங்கரவாதிகள் தப்பிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1998 பிப்ரவரி 14இல் கோயம்புத்தூரில் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். தடா மறைந்து, பொடா பிறவாத இடைக்காலம் அது. இந்திய தண்டனைச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் கொண்டே வழக்கு நடந்து, 2007 ஆகஸ்டில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். அல் உம்மா இயக்கத்தின் தலைவர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட கேரளத்தின் மதானி ஒன்பது வருஷங்களுக்கு மேல் சிறையில் இருந்தபின் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். சாதாரணச் சட்டமும் தாமதத்தால் அநீதியாகும் என்பதற்கு அது சாட்சி. குண்டுவெடிப்புக்கு முன், 1997 நவம்பர் இறுதியில் போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் முஸ்லிம்கள் பதினெட்டுப் பேர் உயிரிழந்ததும், அந்தப் புண் ஆறுவதற்கு முன் பழிவாங்கும் எண்ணம் வேரூன்றியதும் ஊரறிந்த செய்தி. அந்த இரண்டரை மாதத்தில் வேண்டியிருந்தது நடுநிலையான போலீஸும் விழிப்பான உளவுத்துறையுமே. சட்டப்புத்தகத்தில் மற்றொரு பிரிவு அல்ல.

கடுஞ்சட்டத்தின் பலனை முழு அளவில் அனுபவித்த தேசம் இலங்கை. வடக்கே சிறு குழுக்களாக இருந்த இளைஞர்கள் நடத்திய கொலைகளையும் கொள்ளைகளையும் ஒடுக்கவென்று, ஜனாதிபதி ஜயவர்த்தனாவின் அரசு 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மூன்றே வருஷங்களுக்கான தற்காலிக ஏற்பாடாக இயற்றியது. குற்றப்பத்திரிகை இன்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம். உதவிப் போலீஸ் சூப்பிரண்டிடம் அளித்த வாக்குமூலமே சாட்சியம். பிரிகேடியர் வீரதுங்காவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தைப் பூண்டோடு அழிக்கும்படி ஜனாதிபதி கட்டளையிட்டார். கெடு முடிந்தது, பயங்கரவாதம் முடியவில்லை. 1982இல் சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் அடைபட்டிருந்தவர்கள் உட்பட 53 தமிழ்க் கைதிகள், 1983 ஜூலை 25இலும் 27இலும், சர்க்காரின் பாதுகாப்பில் இருந்த வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். விரல் விட்டு எண்ணத்தக்கவர்களாக இருந்த ஆயுதக் குழுவினருக்குப் பின்னால் ஒரு தலைமுறை முழுவதும் திரண்டது அதன் பிறகே. எந்தக் கிராமத்திலும் பிள்ளை காணாமற்போன வீடு ஒன்று இருக்குமானால், அங்கே போராளியைக் காட்டிக்கொடுக்க ஆள் எப்படி வருவான்? யுத்தம் 2009 மே வரை நீண்டது.

யுத்தம் முடிந்தும் சட்டம் முடியவில்லை. நாற்பது வருஷங்கள் அது அமலில் இருந்த தேசத்தில், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கையை இந்திய உளவுத்துறை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. வாங்கியவர்கள் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. இந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தில் அதிகாரம் போதாமல் அந்த உயிர்கள் போகவில்லை. கையில் வந்த கடிதத்தைக் கருத்தோடு வாசிக்காமல் போயின.

கடுஞ்சட்டம் வேண்டும் என்போரை இரக்கமற்றவர்கள் என்று நான் எண்ணவில்லை. பறிகொடுத்த குடும்பங்களின் துயரம் அவர்களைப் பேசச் செய்கிறது. சாட்சி சொல்ல ஜனங்கள் அஞ்சுகிறார்கள், பணம் கடல் கடந்து வருகிறது, திட்டமிடுபவன் ஓரிடம், வெடிப்பவன் ஓரிடம், இவர்களைப் பிக்பாக்கெட்காரனைப் பிடிக்கும் முறையில் பிடிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, புதுவையும் இதற்கு விலக்கல்ல. 2014 ஜனவரி இறுதியில், அப்போது மத்திய இணை அமைச்சராக இருந்த நாராயணசாமியின் வீட்டருகே நின்ற காரின் அடியிலிருந்து குழாய்வெடிகுண்டு எடுக்கப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. மாநில எல்லைகளைக் கடந்து விசாரிக்க ஒரு முகமை, பணத்தின் வழியைத் தொடர ஒரு சட்டம், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, இவற்றுக்கு நான் எதிரியல்ல. ஆனால் இவை ஒவ்வொன்றும் குற்றத்தை நிரூபிப்பதை எளிதாக்கும் கருவிகள். போலீஸாரிடம் தரும் வாக்குமூலமும், ஜாமீன் மறுப்பும், எல்லையற்ற வரையறையும் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியத்தையே குறைப்பவை. இரண்டையும் கடுமை என்ற ஒரே பெயரால் அழைப்பதிலிருந்தே நம் குழப்பம் ஆரம்பிக்கிறது.

இன்று நடைமுறையில் இருப்பது உபா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். 1967இல் பிறந்து, பொடா நீக்கப்பட்ட 2004இல் அதன் பல பிரிவுகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் மேலும் இறுகி, 2019இல் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குக் கொடுத்தது. போலீஸ் வாக்குமூலம் இதில் சாட்சியம் ஆகாது. அந்த அளவுக்கு முந்தைய அனுபவம் பலனளித்திருக்கிறது. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய சாதாரண வழக்குகளில் அதிகபட்சமாக உள்ள தொண்ணூறு நாட்களுக்குப் பதில் நூற்றெண்பது நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். போலீஸார் காட்டும் காகிதங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினால் ஜாமீன் கூடாது. எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை நிகழாத கட்டத்தில், ஒரு தரப்பார் எழுதிய காகிதம் பொய்யாகத் தோன்றுவது எங்கேயாவது உண்டா? 2016 முதல் 2020 வரை இச்சட்டத்தில் கைதானோர் 24,134 பேர். அதே காலத்தில் தண்டனை பெற்றோர் 212, விடுதலையானோர் 386 என்று மத்திய அரசே பாராளுமன்றத்தில் தெரிவித்தது. மற்றவர்களில் பெரும்பாலோரின் விசாரணை முடியவில்லை. முடியாத விசாரணையே அவர்களுக்குத் தண்டனையாகிறது. வருஷக்கணக்கில் விசாரணை நீளும்போது உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் கூறப்பட்டது ஒரு சிறு ஆறுதல். அந்த வாசல் வரை போகப் பணமும் வக்கீலும் உள்ள கைதிகள் எத்தனை பேர்?

பயங்கரவாதியின் உத்தேசம் சிலரைக் கொல்வதோடு நிற்பதில்லை. ஆட்சி நிதானமிழந்து, ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகித்து, அதனால் அச்சமூகம் தன் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதே அவனுடைய நோக்கம். அந்த நோக்கத்துக்குச் சட்டமன்றங்களே உதவி செய்வது எவ்வளவு துக்ககரமானது! சட்டம் கடுமையாக இருப்பதற்குப் பதில், அகப்படுவது நிச்சயம் என்ற நிலை வர வேண்டும். அதற்குத் தடய அறிவியல் கூடங்களும், பயிற்சி பெற்ற புலனாய்வாளரும், தினந்தோறும் அமர்ந்து வழக்கை முடிக்கும் நீதிபதிகளும் வேண்டும்; செலவு பிடிக்கும் காரியங்கள் இவை. புதிய சட்டம் இயற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுதும் கைகள் உயர்வதும் போதும் என்பதாலேயே ஒவ்வொரு குண்டுவெடிப்புக்குப் பின்னும் நாம் அதை நாடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அநியாயமாக அடைபட்டு விடுதலையாகி வந்தவனுக்கு ஆட்சி என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். தவறான வழக்குகளில் சிக்கி இழந்தோருக்குத் தனி நீதிமன்றங்கள் மூலம் இழப்பீடு தரச் சட்டபூர்வமான வழி வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில், தனது 277ஆவது அறிக்கையில், பரிந்துரை செய்தது. அதன் பின்னர் தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையும் புதிதாக எழுதி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தபோது, பயங்கரவாதச் செயல் என்ற குற்றத்தைப் புதிய தண்டனைச் சட்டத்தின் 113ஆம் பிரிவாகப் பாராளுமன்றம் சேர்த்துக்கொண்டது. ஆணையத்தின் அந்தப் பரிந்துரையைச் சேர்க்கவில்லை. மக்களவையில் ஒருவரும் மாநிலங்களவையில் ஒருவருமாகப் புதுவைக்கு அங்கே இரண்டு ஆசனங்கள் இருக்கின்றன. அந்த அறிக்கையை எடுத்துப் பேசும்படி அவ்விருவரையும் நாம் கேட்கலாம்.